பஞ்சராகம்: கேட்டவர்களின் வரலாறு

1957ஆம் ஆண்டில் மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைக்கச் சில மாதங்களே இருந்தபோது, நாட்டிடம் கொடி இருந்தது, நாட்டுப்பண் இல்லை. உலகம் முழுக்க அறிவித்து ஒரு போட்டி வைத்தார்கள். 514 மெட்டுகள் வந்து சேர்ந்தன. ஒன்றும் தேறவில்லை. சரி, பெரிய ஆட்களிடமே கேட்டுவிடலாம் என்று இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற ஜான் கார்லோ மெனோட்டி, பின்னாளில் சிங்கப்பூரின் நாட்டுப்பண்ணை இயற்றிய சுபிர் சைட் ஆகியோரிடம் கேட்டார்கள். அவர்கள் கொடுத்ததும் ஒத்துவரவில்லை. கடைசியில் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு மாநிலங்களின் பண்களைக் கேட்டுப் பார்த்து, ஆகஸ்ட் 5ஆம் தேதி பேராக் மாநிலப் பண்ணின் மெட்டைத் தேர்ந்தெடுத்தது. அதில் மரபின் மணம் இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதற்குப் புதிதாக வரிகள் எழுதப்பட்டன. 26 நாள் கழித்து ஸ்டேடியம் மெர்டேக்காவில் அது நாட்டின் பண்ணாக ஒலித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மரபின் மணம் வீசிய அந்த மெட்டு பேராக்கில் பிறந்ததல்ல. 'லா ரொசாலி' என்ற பிரெஞ்சுப் பாட்டோடும், 1780 முதல் 1857 வரை வாழ்ந்த பியேர் ஜான் டி பெராஞ்சே என்ற பாட்டுக்காரரின் பெயரோடும் சேர்த்துத்தான் அதன் மூலத்தைச் சொல்வார்கள். அது பேராக்குக்கு வந்த வழி இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சீஷெல்ஸ் தீவு. அங்கே ஒரு பொது பேண்டு கச்சேரியில், நாடு கடத்தப்பட்ட ஒரு சுல்தான் அதைக் கேட்டிருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அவர் வாசித்தவர் இல்லை, எழுதியவரும் இல்லை. கூட்டத்தில் ஒருவராக இருந்து கேட்டவர்.

பேண்டு வாத்தியத்தின் வரலாற்றைப் படித்தால் படைப்பிரிவுகளின் பெயர் இருக்கும், பேண்டு மாஸ்டர்களின் பெயர் இருக்கும், கருவிகளைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் இருக்கும். கேட்டுக்கொண்டு நின்ற கூட்டத்தின் வரலாற்றை யாரும் தனியாக எழுதுவதில்லை. ஆனால் நம் பக்கத்தில், அதாவது மலாயாவிலும் தமிழ்நாட்டிலும், பேண்டு இசை உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறது என்றால் அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கேட்டவர்கள்தான். அவர்களில் சிலரைப் பற்றியும், கேட்கும் இடத்திலேயே நிற்க வாய்க்காத சிலரைப் பற்றியும் இந்தக் கட்டுரை.

சுல்தானிடமிருந்தே தொடங்குவோம். 1874 ஜனவரியில் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தம் ராஜா அப்துல்லாவைப் பேராக்கின் சுல்தானாக ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனையை அவர் கேட்டு நடக்க வேண்டும். முதல் ரெசிடெண்டாக வந்த ஜே.டபிள்யூ.டபிள்யூ. பெர்ச், 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதன் விளைவாகச் சுல்தான் அப்துல்லாவும் வேறு சில தலைவர்களும் 1877இல் சீஷெல்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்குள்ள மாஹே என்ற தீவில் (நம் புதுச்சேரியோடு சேர்ந்த மாஹே வேறு) அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆட்சி பிரிட்டிஷாருடையது என்றாலும் அந்தத் தீவின் பேச்சும் பாட்டும் பிரெஞ்சு. பேண்டு வாசித்ததும் அந்த மெட்டுகளைத்தான்.

அதே 1877இல் பேராக்குக்கு இன்னொன்று வந்தது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 நாற்றுகள் கோலகங்சாருக்கு. புதிய ரெசிடெண்டான ஹியூ லோ தன் வீட்டுத் தோட்டத்தில் அவற்றை நட்டார். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு மரம் கோலகங்சாரில் இன்றும் வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. போகிறவர்கள் பார்க்கலாம்.

ஒரே ஆண்டில் ஒரு சுல்தான் கடலில் மேற்கே போகிறார், ஒரு மரம் கிழக்கே வருகிறது. சுல்தான் போன திசையிலிருந்து ஒரு மெட்டு வந்தது. மரம் வந்ததால் நாம் வந்தோம். பேராக்கில் பிறந்த தமிழனுக்கு நாட்டுப்பண்ணும் ரப்பரும் ஒரே ஆண்டில் வேர்விட்ட இரண்டு சங்கதிகள். இதை எந்தப் பள்ளிப் பாடமும் எனக்குச் சேர்த்துச் சொன்னதில்லை, தனித்தனிப் பக்கங்களில்தான் இருக்கும்.

மெட்டு திரும்பி வந்த கதையைப் பேராக்கில் பல விதமாகச் சொல்வார்கள். சுல்தான் இட்ரிஸ் இங்கிலாந்துக்குப் போனபோது, வரவேற்பில் வாசிக்க உங்கள் நாட்டுப்பண் எது என்று அங்குள்ள அதிகாரிகள் கேட்டார்களாம். பண் என்று ஒன்று இல்லவே இல்லை. இல்லை என்று சொல்வது அரச குலத்துக்கு அழகல்ல என்று நினைத்த உடன்வந்தவர், சீஷெல்ஸ் வழியாகத் தெரிந்திருந்த அந்த மெட்டை முணுமுணுத்துக் காட்டினாராம். பேண்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கதையில் எவ்வளவு உண்மையோ, அதன் சாரம் எனக்குப் பிடிக்கும். ஏடு இல்லை, நோட்டு இல்லை. காதில் விழுந்தது வாய் வழியாக வெளியே வந்து, சுல்தானின் ஆயுளுக்கு வேண்டும் பேராக்கின் மாநிலப் பண்ணாகிவிட்டது. அதே மெட்டு 'தெராங் புலான்' என்ற நிலாப் பாட்டாகவும் மலாய் உலகமெங்கும் ஊர் சுற்றியது. 1947இல் 'மாமுலா மூன்' என்ற பெயரில் ஹவாய் இசைப் பாணியில் லண்டன் குழு ஒன்று அதைப் பதிவு செய்தது. 1957க்குப் பிறகுதான் அது கேளிக்கை மேடையிலிருந்து இறக்கப்பட்டு மரியாதைக்குரிய இடத்துக்குப் போனது. இன்றைக்கும் பேராக் அரண்மனை விழாக்களில் மாநிலப் பண்ணுக்கு அதே மெட்டு, வேறு சொற்கள்.

மலாய் மொழியில் பேண்டுக்குப் 'பஞ்சராகம்' என்று பெயர். காவல் படையின் பேண்டு 'பஞ்சராகம் போலிஸ்'. சொல் நம் பக்கத்திலிருந்து போனது, கருவி ஐரோப்பாவிலிருந்து வந்தது, காலனிக் காலத்தில் சிலாங்கூர் மாநில பேண்டு போன்றவற்றில் வாசித்தவர்கள் மணிலாவிலிருந்து வந்த பிலிப்பினோக்கள். கேட்டவர்கள் யார் என்பதுதான் கேள்வி. பேண்டு திறந்த வெளிக்கான இசை. பிடில் மழைக்கும் வெயிலுக்கும் தாங்காது; பித்தளையும் கருமரமும் தாங்கும். அணிவகுப்புத் திடல், பூங்கா, கடற்கரை என்று எங்கே வாசித்தாலும் அழைக்கப்படாதவர் காதிலும் விழும். ராணி வீட்டுக் கச்சேரிக்கு அழைப்பிதழ் வேண்டும், பேண்டுக்கு வேலிக்கு வெளியே நின்றாலே போதும்.

அப்படி வேலிக்கு வெளியே நின்று கேட்டவர்களில் நமக்கு மிகவும் தெரிந்தவர் முத்துசுவாமி தீட்சிதர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில், முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தது. மணலி சின்னையா முதலியாருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு பழக்கம். அவரோடு செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பக்கம் போய் வந்தவர்கள் கம்பெனி பேண்டு வாசித்த அயர்லாந்து, ஸ்காட்லாந்து மெட்டுகளைக் கேட்டார்கள். தம்பி பாலுசுவாமி பிடிலைக் கற்றுக்கொண்டு வந்தார். அது இன்றைய கர்நாடக வயலின். அண்ணன் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். சுமார் 40 'நொட்டுஸ்வர' சாகித்தியங்கள் இருக்கின்றன, எல்லாமே சங்கராபரண அளவில். அவற்றில் 'சந்ததம் பாஹிமாம்' என்பது இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் நாட்டுப்பண்ணின் அதே மெட்டு. அரசனை வாழ்த்தப் புறப்பட்ட மெட்டு, தீட்சிதர் காதில் நுழைந்து வாயில் வெளியே வரும்போது தேவியை வாழ்த்துகிறது. மாஹேயில் நடந்ததற்குச் சுமார் 80 வருடம் முன்னால் மணலியில் நடந்தது இது. பேண்டுக்காரர்கள் பேரரசின் பெருமையை வாசித்தார்கள். கேட்டவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்.

தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே ஐரோப்பிய பாணி பேண்டு வைத்திருந்தார். 19ஆம் நூற்றாண்டில் கிளாரினெட் சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்துக்குள் நுழைந்து, பல தலைமுறைகள் ஆட்டத்துக்குப் பின்னால் நின்றது. பிறகு அதை முழுக் கர்நாடகக் கச்சேரிக்கு உரிய கருவியாக நிறுத்திக் காட்டினார் ஏ.கே.சி. நடராஜன். நாதஸ்வரக்காரனுக்குக் கிளாரினெட் அவ்வளவு அந்நியமும் இல்லை. இரண்டுமே நாணலை வாயில் வைத்துக் காற்றை அதிர வைக்கும் குழல்கள். நம் சீவாளி இரட்டை நாணல், கிளாரினெட்டுக்கு ஒற்றை. அந்த ஒற்றை நாணலைத் தாங்க ஒரு அலகு வேண்டும். அந்த அலகைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

அதற்கு முன்னால் தோட்டம்.

என் அப்பாவின் குடும்பம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மூன்று தலைமுறை பால்மரம் வெட்டியது. இப்போது அங்கே செம்பனை. லயம் இருந்த இடத்தில் கோவில் மட்டும் இருக்கிறது. பாட்டிக்கு எண்பத்து நாலு வயது. பேண்டு வாத்தியம் கேட்டிருக்கியா என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கடா கேக்குறது? விடியாத நாலு மணிக்கு மணி அடிப்பாங்க. பெரட்டுக்குப் போவணும். பேரு கூப்புடுவாரு கிராணி. அதான் எங்க பேண்டு."

பெரட்டு என்பது 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு என்று சொல்வார்கள். அணிவகுப்புதான் அது. வரிசையில் நின்றார்கள், பெயர் கூப்பிட்டார்கள், கலைந்து மரத்துக்குப் போனார்கள். அணிவகுப்பு இருந்தது, வாத்தியம் மட்டும் இல்லை. தோட்டத்துக்கென்று இசை இல்லாமல் இல்லை. திருவிழாவுக்கு மேளம் வரும், உறுமி வரும், சாவுக்குத் தப்பு அடிப்பார்கள், நாற்று மேட்டில் பெண்கள் பாடுவார்கள். ஆனால் டவுனில் திடலிலும் பூங்காவிலும் வாசிக்கப்பட்ட பஞ்சராகத்துக்கு வேலிக்கு வெளியே நிற்கக்கூட இவர்கள் அருகில் இல்லை. தோட்டம் என்பதே அப்படி ஒரு ஏற்பாடு. பள்ளி உள்ளே, கோவில் உள்ளே, கடை உள்ளே, கள்ளுக்கடையும் உள்ளே. வெளியே போக எந்தக் காரணமும் இருக்கக்கூடாது.

சீஷெல்ஸ் மெட்டு அவர்களிடம் வந்தது வானொலி வழியாக. பாட்டி சொன்னதை அப்படியே தருகிறேன்.

"கிராணி ஊட்டு ரேடியோவ எங்க சின்ன மாமனார் போயி வாசல்ல குந்திக் கேப்பாரு. தமிழ்ப் பாட்டு முடிஞ்சி, எல்லாம் முடிஞ்சி, அந்தப் பாட்டு வரும் பாரு, எந்திரிச்சி நிப்பாரு. வேட்டிய இறக்கி விட்டுக்குவாரு. வேற யாரும் நிக்க மாட்டாங்க. இவரு மட்டும் நிப்பாரு."

அந்தச் சின்ன தாத்தாவை நான் பார்த்ததில்லை. அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். ஏன் போனார் என்பதை இந்தக் கட்டுரைக்காகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமைக்கு மனு போடவில்லை. போட்டால் ஊரில் இருக்கும் காணி நிலம் கைவிட்டுப் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாத மனிதர், நம்பிவிட்டார். அப்படி நம்பியவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், இதெல்லாம் நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தார்கள்.

1968ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று நாட்டுப்பண் சட்டம். அது வாசிக்கப்படும்போது எல்லோரும் எழுந்து நேராக நிற்க வேண்டும், அவமதித்தால் 100 வெள்ளி வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. இன்னொன்று வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும். அடுத்த ஆண்டு அது அமலுக்கு வந்தபோது பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். அந்தக் காலத்தில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் ஓடிய ரஜூலா கப்பலைப் பற்றித் தெரியாத பழைய தோட்டக் குடும்பம் இருக்காது. சின்ன தாத்தாவும் அதில்தான் போனார். யாரும் சொல்லாமலேயே நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்ற மனிதர், எழுந்து நிற்கச் சட்டம் வந்தபோது இந்த நாட்டில் நிற்கவே அனுமதி இல்லாதவராகிவிட்டார்.

அந்த இரண்டு சட்டங்களுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு உண்டு என்று நான் வாதிடவில்லை. இயற்றியவர்கள் மனதில் வேறு வேறு காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் ஒரு மனிதரின் வாழ்க்கையில் இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன. அவர் பெயர் எந்த இசை வரலாற்றிலும் வராது. மாஹேயில் அந்த மெட்டைக் கேட்டவரும் நாடு விட்டு அனுப்பப்பட்டவர், தோட்டத்தில் அதை எழுந்து நின்று கேட்டவரும் நாடு விட்டு அனுப்பப்பட்டவர். சுல்தான் அப்துல்லா பல வருடங்கள் கழித்து 1922இல் கோலகங்சாருக்குத் திரும்பி வந்து, அந்த ஆண்டே காலமானார். சின்ன தாத்தா திரும்பவில்லை.

இதெல்லாம் என் மனதில் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில்தான், பேராக்கில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் விண்ட் பேண்ட் கச்சேரிக்குப் போனேன். கூட வேலை செய்யும் நண்பரின் தங்கை அதில் வாசிக்கிறாள். டிக்கெட் பத்து வெள்ளி. அறுபது பேர் இருக்கும், அரை வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பிடில் இல்லாத இசைக்குழுவை நேரில் பார்ப்பது தனி அனுபவம். பிடில்கள் உட்காரும் இடத்தில் கிளாரினெட்டுகள். பின்னால் சாக்ஸபோன், ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், கடைசியில் டியூபாக்கள். இத்தனை பேரின் மூச்சு ஒரே சமயத்தில் உள்ளே போகும் சத்தம், முதல் சுரம் வருவதற்கு அரை விநாடி முன்னால் கேட்கும். ஒலிப்பதிவில் அதைத் துடைத்துவிடுவார்கள். நேரில் கேட்கும்போது அதுதான் உடம்பைத் தொடுகிறது.

முதலில் நெகாராகூ. எல்லோரும் எழுந்து நின்றோம். பாடுகிறவர் இல்லாமல் கருவிகள் மட்டும் வாசித்தபோது, அதன் அடியில் ஒரு பழைய கடலோரப் பாட்டு இருப்பது தெளிவாகக் கேட்டது. மெதுவான, கொஞ்சம் ஏக்கமான பாட்டு.

பிறகு வாசித்தவற்றில் ஒன்று பெர்சி கிரெய்ஞ்சரின் 'லிங்கன்ஷயர் போசி'. விண்ட் பேண்டு உலகத்தில் இதை விட்டால் பேச்சே இல்லை என்கிற அளவுக்குப் பெயர்பெற்றது. ஆறு பகுதிகள், 1937இல் எழுதியது. ஆஸ்திரேலியாவில் பிறந்த கிரெய்ஞ்சர் 1905, 1906 வாக்கில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமங்களுக்குப் போய் வயதான உழைப்பாளிகளைப் பாடச் சொல்லி, மெழுகு உருளை போனோகிராஃபில் பதிவு செய்தார். பாடியவர் எங்கே இழுத்தாரோ, எங்கே தாளத்தை விட்டாரோ, அதையும் சேர்த்துப் பிற்பாடு பேண்டுக்கு எழுதினார். ஒழுங்காக எண்ணி வாசிக்கப் பழகிய பட்டாளத்து பேண்டுகளுக்கு அது கஷ்டம். ஒரு கிழவர் மூச்சு வாங்கிய இடத்தில் அறுபது பேரும் மூச்சு வாங்க வேண்டும். அதை ஈப்போ, கம்பார், பீடோர், தாப்பா பிள்ளைகள் வாசித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் நண்பரின் தங்கை கிளாரினெட்டைக் காட்டினாள். அவள் படித்த இடைநிலைப்பள்ளியில் பேண்டு இருந்ததால் இதைத் தொட முடிந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்தபோது ரெக்கார்டர் மட்டும்தான். வாயில் வைக்கும் அலகைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கறுப்பாக, வழவழப்பாக, எடை குறைவாக இருந்தது. மரமா பிளாஸ்டிக்கா என்றேன்.

"ரப்பர் அண்ணா. எபோனைட்டுன்னு சொல்வாங்க."

எனக்கு வேலையே ரப்பரில்தான். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துவிட்டு, ஈப்போவுக்கு வெளியே ரப்பர் சீல், கேஸ்கெட் செய்யும் ஆலையில் இருக்கிறேன். 100 பங்கு ரப்பருக்கு இரண்டு, மூன்று பங்கு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் நாம் அறிந்த வளையும் ரப்பர். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டது. அதே ரப்பரில் 30 முதல் 50 பங்கு வரை கந்தகத்தை ஏற்றிப் பல மணி நேரம் வேக வைத்தால் அது வளைவதை விட்டுவிடும். கருங்காலி மரம் போலக் கடினமாகி, கடைசலுக்கும் மெருகுக்கும் ஏற்றதாகும். கருங்காலியின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான் எபோனைட் என்ற பெயரே. 1851இல் சார்ல்ஸின் தம்பி நெல்சன் குட்இயர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். எச்சில் அரிக்காது, ஈரத்துக்கு மரம்போலச் சுருங்கி விரியாது, உதட்டுக்குச் சில்லென்று இருக்காது. அதனால் உலகமெங்கும் கிளாரினெட், சாக்ஸபோன் அலகுகளுக்கு அதுவே வழக்கமான பொருளாயிற்று.

ஆக, பஞ்சராகம் எட்டாத தொலைவில் நின்றவர்கள் வெட்டிய பால், பஞ்சராகத்தின் வாய்க்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகத்து ரப்பரில் பெரும்பங்கு மலாயாவினுடையது. எந்த ஊர்ப் பூங்காவில் எந்தப் பட்டாளத்து பேண்டு எதை வாசித்திருந்தாலும், முன்வரிசைக் கிளாரினெட்காரன் உதட்டுக்கும் காற்றுக்கும் நடுவில் நம் ஆட்கள் வாளியில் சேர்த்ததன் ஒரு துளி இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. டயரிலும் இருந்தது, செருப்பிலும் இருந்தது. ஆனால் டயரைப் பற்றிப் பேசும்போது உழைப்பு என்று மட்டும் பேசிவிட்டுப் போய்விடுகிறோம். இசை என்று வந்தால் நாம் வெறும் பார்வையாளர்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த அலகைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை.

கேட்பது என்பதும் சும்மா உட்கார்ந்திருப்பதல்ல. 1949இல் தென் கன்னடத்தில் பிறந்த ஒரு சிறுவன், நாதஸ்வரக்காரர் ஒருவரின் மகன், மைசூர் அரண்மனை பேண்டில் முதன்முதலாகச் சாக்ஸபோனைக் கேட்டான். அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற கருவி அது, பட்டாளத்து பேண்டுகளுக்குள் போவதற்காகவே பெரிதும் உருவானது. அதில் கமகம் வராது என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். அந்தச் சிறுவன் ஏறத்தாழ இருபது வருடம் அதனோடு மல்லுக்கட்டினான். அவர்தான் கத்ரி கோபால்நாத். 1994இல் வந்த 'டூயட்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் நாம் எல்லோரும் கேட்ட சாக்ஸபோன் அவருடையது. 2019இல் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட இரங்கல்களில் விருதுகள், மேடைகள் எல்லாம் வந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முதல் நாள். அரண்மனை பேண்டு யாருக்காக வாசித்ததோ, அவர்கள் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சிறுவன் விடவில்லை.

தீட்சிதர், சுல்தான் அப்துல்லா, கோபால்நாத் மூவரையும் ஒரே வரிசையில் வைக்க எனக்குத் தயக்கமில்லை. மூவருக்கும் பேண்டு சொந்தமில்லை. கேட்டதைத் தங்கள் வழியில் எடுத்துக்கொண்டு போனார்கள். நாலாவதாக, வேட்டியை இறக்கிவிட்டு எழுந்து நின்ற ஒரு பால்வெட்டுக்காரரையும் அந்த வரிசையில் வைக்கிறேன். அவருக்குச் சாகித்தியம் எழுதவோ மெட்டை அரண்மனைக்குக் கொண்டுபோகவோ வசதி இல்லை. எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

ஆனால் கிரெய்ஞ்சர் செய்த வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. லிங்கன்ஷயர் கிழவர்களின் பாட்டு நூறு வருடம் கழித்துப் பேராக்கில் கேட்கக் காரணம், ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனதுதான். நம் தோட்டத்துப் பாட்டுகள் இன்னும் சிலர் தொண்டையில் இருக்கின்றன. கங்காணியைக் கிண்டல் செய்த பாட்டு, கப்பல் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. பாடியவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து நிலத்தைக் காக்க முயன்றார். பாட்டுக்கு அப்படிச் சங்கம் எதுவும் தேவையில்லை. கிரெய்ஞ்சருக்கு மெழுகு உருளை வேண்டியிருந்தது, நம் சட்டைப் பையில் தொலைபேசி இருக்கிறது.

நான் போன மாதம் பாட்டியிடம் ஆரம்பித்திருக்கிறேன். முதல் நாள் சினிமாப் பாட்டுதான் பாடினார். இரண்டாம் நாள் கூச்சப்பட்டார். மூன்றாம் நாள், நாற்று மேட்டில் பாடியது என்று ஒன்றைப் பாதி வரை பாடி, மீதி மறந்துவிட்டது என்றார். அந்தப் பாதி பதிவாகிவிட்டது, ஒரு நிமிடம் 40 விநாடி. மூச்சு வாங்கிய இடமும் அதில் இருக்கிறது. மீதியை அறிந்த அவர் வயதுக்காரி ஒருத்தி தாமான் வீட்டில் மகனோடு இருக்கிறாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார். இதைப் படிப்பவர்கள் வீட்டிலும் அப்படி யாராவது இருப்பார்கள். முழுப் பாட்டும் வேண்டுமென்று காத்திருக்க வேண்டாம், பாதி கிடைத்தாலும் பதிவு செய்துவிடுங்கள். அதைப் பேண்டுக்கு எழுதத் தெரிந்த பிள்ளைகள் இப்போது பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பது கேட்டவர்களின் வேலை.